கோழிக்குக் காரம் தெரியாது

காவிரிக்கு அக்கரையில் ஈரோடு, இக்கரையில் பள்ளிபாளையம். விசைத்தறிக்கும் காகித ஆலைக்கும் பேர்போன ஊர்தான். ஆனாலும் சென்னைக்காரர் வாயில் அந்தப் பெயர் வருவது பெரும்பாலும் ஒரு வறுவலால். பள்ளிபாளையம் சிக்கனில் மசாலாத் தூளுக்கு வேலையில்லை. காய்ந்த எண்ணெயில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, கிள்ளி விதை உதறிய வரமிளகாய். பிறகு கோழி, மஞ்சள், உப்பு, பல்லுப் பல்லாய் நறுக்கிய தேங்காய். இவ்வளவுதான். நாலு வாய்க்குள் நெற்றி வேர்த்து, மூக்கில் தண்ணீர் கொட்டும்.

அதே வரமிளகாயை அந்தக் கோழி உயிரோடிருந்தபோது கொத்தித் தின்றிருந்தால்? ஒன்றுமே ஆகியிருக்காது.

காரணத்தின் முதல் பாதி 1997இல் கிடைத்தது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின், நரம்பில் எதைத் தொட்டு எரிச்சலைக் கிளப்புகிறது என்று கலிஃபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் குழு தேடியது. நரம்பு செல்களின் மரபணுக்களை, காரத்தைச் சட்டை செய்யாத செல்களுக்குள் புகுத்திப் பார்த்தார்கள். ஒரே ஒரு மரபணு அவற்றுக்கும் காரத்தை உணர்த்தியது. அது உருவாக்கும் புரதத்துக்கு இன்று டிஆர்பிவி1 என்று பெயர். அதன் அன்றாட வேலை வேறு: சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் மூளைக்குச் சேதி சொல்வது. கேப்சைசின் அதே மணியை அடித்துவிடுகிறது. நாக்கு வேகவில்லை, வெந்ததாக மூளை நம்புகிறது. 2021இல் ஜூலியஸும், தொடு உணர்வை ஆராய்ந்த ஆர்டெம் படாபூடியனும் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

2002இல் ஜூலியஸின் ஆய்வகம் எலியின் புரதத்தையும் கோழியின் புரதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. கோழியுடையது சூட்டை அறிந்தது, கேப்சைசினை அறியவில்லை. இதில் லாபம் செடிக்குத்தான். எலி மென்றால் விதை பாழ். பறவையோ பழத்தை முழுங்கி, விதையைச் சேதமின்றி வேறிடத்தில் எச்சமிடும். அமெரிக்காவின் அரிசோனாவில் காட்டு மிளகாயை ஆராய்ந்தவர்கள் 2001இல் இதை வெளியிட்டார்கள். எலிகள் ஒதுக்கிய பழத்தைப் பறவைகள் தின்றன. எச்சத்தில் வந்த விதைகள் முளைத்தன.

இனி அடுப்படிக்கு வருவோம். விதையை உதறினால் காரம் போய்விடும் என்று நம்ப வேண்டாம். கேப்சைசின் உருவாவது விதை ஒட்டியிருக்கும் உள் சதையில். விதையில் இருப்பது பெரும்பாலும் அதிலிருந்து ஒட்டியதுதான். காரம் குறைய வேண்டுமானால் அந்த உள் சதையையும் சேர்த்துக் கிள்ளி எடுங்கள். மிளகாய் கிள்ளிய கை எரிந்தால் வெறும் தண்ணீரில் அலசிப் பயனில்லை. கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் சரியாகக் கரையாது. கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதுவரை கை கண் பக்கம் போகக் கூடாது.

வாய் எரிந்தால் பால் குடியுங்கள். 2019இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் காரமான பானம் கொடுத்துச் சோதித்தார்கள். கொழுப்பு நீக்கிய பாலும் முழுப் பாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு எரிச்சலைத் தணித்தன. எனவே கொழுப்பைவிடப் பாலின் புரதமே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு வறுவலை வாயில் போடுவதும் வேண்டாம். கேப்சைசின் பட்ட நரம்புக்கு வெதுவெதுப்பே கொதிப்பாய்த் தெரியும்.

அளவு கூடினால் கேப்சைசின் அந்த நரம்பு முனைகளையே மரத்துப்போகச் செய்யும். அக்கி வந்து போன பிறகும் விடாத நரம்பு வலிக்கு 8 சதவீதக் கேப்சைசின் பட்டை தருவது அதனால்தான். அதை மருத்துவர்கள் முன்னிலையில்தான் ஒட்டுவார்கள். மூட்டு வலிக்கு வரமிளகாயை அரைத்துப் பத்துப் போட்டால் தோல்தான் புண்ணாகும்.