கோட்டுருவமும் குரலும்: ஒரு திரையிடல் மாலையின் செய்தி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



கவிதைக்கெனக் கூடிய அவையில் அசைவூட்டப்படக் கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேசுதல் பொருந்துமா என்ற ஐயம் எழலாம். தாமே எழுதி, தாமே வரைந்து, தம் குரலாலேயே கதை சொல்லி, தாமே ஊர்தோறும் கொண்டு சென்று காட்டுகின்ற ஒருவர், கைப்பொருளைச் செலவிட்டுத் தொகுதி அச்சிடும் கவிஞருக்கு அயலார் ஆகமாட்டார்.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் 1976இல் பிறந்த டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் என்பவரே அக்கலைஞர். 2008இலும் 2012இலும் அவர் தம் படங்களுடன் அந்நாட்டு நகரங்கள் பலவற்றுக்குச் சென்றார். முதலில் குறும்படங்கள், அடுத்துப் புதிய படம், அதன்பின் மேடையில் நேர்காணல், முடிவில் அவையோரின் வினாக்கள் என்பது அம்மாலைகளின் அமைப்பு. அப்படங்களைக் கண்டவர் எவர் உள்ளத்திலும் மூன்று வினாக்கள் எழும். உருவம் ஏன் இத்துணை எளியது? ஒரு படத்துக்கு ஏன் இத்தனை ஆண்டு? இவர் வாழ்வது எங்ஙனம்?

முதல் வினா உருவத்தைப் பற்றியது. ஒரு வட்டம் தலை. சில கோடுகள் கை கால்கள். இரு புள்ளிகள் கண்கள். பள்ளிச் சிறுவன் ஏட்டின் ஓரத்தில் கிறுக்கும் உருவம்தான். அவருடைய முத்தொடரின் நாயகனாகிய பில் என்பவனைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டுவது தலையிலுள்ள தொப்பி ஒன்றே. அகத்திணைப் பாடல்களில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. பெயர் இல்லாமையால் அங்கே எவர் காதலும் இடம்பெற முடிகிறது. அவ்வாறே, முகம் முழுதும் தீட்டப்படாமையால் பில்லின் துயரில் காண்போர் தம் துயரை வைத்துப் பார்க்க முடிகிறது. நாடுகள் வேறு, காலங்கள் வேறு. ஆயினும் குறைத்துச் சொல்வதன் ஆற்றல் இரண்டிடத்தும் ஒன்றே.

அம்முத்தொடரின் முதற்பகுதி 2006இலும், இரண்டாம் பகுதி 2008இலும், மூன்றாம் பகுதி 2011இலும் வெளிவந்தன. மூன்றும் இணைந்து 2012இல் 62 நிமிடப் படமாயின. அதன் பெயர் 'இட்ஸ் சச் எ பியூட்டிஃபுல் டே'. 'எத்துணை அழகிய நாள்' எனலாம். பில்லுக்கு மூளையைத் தாக்கும் நோய். நினைவு சிறிது சிறிதாக அழிகிறது. வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து வருகிறான். நடந்ததை மறந்து மீண்டும் அதே வழியில் நடக்கிறான். ஆனால் அந்த மறதியே அவன் கண்ணைத் திறக்கிறது. சுவரின் கரடும் செங்கல்லின் நிறமும் அன்றுதான் பிறந்தவைபோல் அவனுக்குத் தோன்றுகின்றன. தன்னைக் கைவிட்டுச் சென்ற தந்தையை முதியோர் இல்லத்தில் கண்டு மன்னிக்கிறான். இறுதியில் அவன் இறக்க வேண்டிய இடம் வருகிறது. அதுவரை அமைதியாகக் கதை சொல்லிவந்த குரல் அங்கே முரண்டு பிடிக்கிறது. அவன் இறப்பதை ஏற்க மறுக்கிறது. அவன் வாழ்கிறான், உலகெலாம் சுற்றுகிறான், ஊழிகள் கடந்தும் வாழ்கிறான், விண்மீன்கள் அவியும் வரை வாழ்கிறான் என்று சொல்லிக்கொண்டே போகிறது. அக்குரல் பொய் சொல்கிறது என்பதைக் காண்போர் அறிவர். அறிந்தும் அப்பொய்யை வேண்டி நிற்கின்றனர். இறந்தவரைச் சொல்லால் நிறுத்திவைக்க முயன்ற கையறுநிலைப் புலவர்களை அறிந்த தமிழ்ச் செவிக்கு அக்குரல் புதிதன்று.

இரண்டாம் வினா காலத்தைப் பற்றியது. திரைப்படச் சுருளில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள். ஒரு வரைபடத்தை இரு சட்டங்களுக்கு வைத்தாலும் நொடிக்கு 12, நிமிடத்துக்கு 720 வரைபடங்கள் வேண்டும். 17 நிமிடப் படத்துக்கு இக்கணக்குப்படி 12,240. கணிப்பொறி இத்துறையை முற்றும் ஆட்கொண்ட காலத்திலும், 1940களில் செய்யப்பெற்ற கனமான படப்பிடிப்புக் கருவி ஒன்றிலேயே அம்முத்தொடரை அவர் படமாக்கினார். திரை முழுதும் இருளாக இருக்க, ஆங்காங்கே சிறு சாளரங்களில் வெவ்வேறு காட்சிகள் ஒரே வேளையில் ஓடும். ஒரு பகுதியைத் தவிர ஏனையவற்றை மறைத்துப் படம்பிடித்து, சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அதே சுருளில் அடுத்த பகுதியைப் பதிவு செய்து பெற்ற விளைவு அது. ஒரு பிழை நேரின் முன்னர்ச் செய்த அனைத்தும் வீண். சிதறிய நினைவைக் காட்டச் சிதறிய திரையே உருவாயிற்று; உத்தி பொருளிலிருந்து பிறந்தது.

எனினும் பழங்கருவியின்மீது அவருக்கு வழிபாடு இல்லை. 2015இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் டுமாரோ' கணிப்பொறியில் வரைந்த படமே. அதில் வரும் எமிலி என்னும் சிறுமிக்குக் குரல் தந்தவர், ஹெர்ட்ஸ்ஃபெல்டின் குடும்பத்தைச் சேர்ந்த நான்கு வயதுக் குழந்தை. அவ்வயதுக் குழந்தைக்கு வசனம் கற்பிக்க இயலாது. ஆகவே விளையாடும்போது அது பேசியவற்றைப் பதிவு செய்து, அப்பேச்சைச் சுற்றியே கதையை அமைத்தார். 227 ஆண்டுகளுக்குப் பின்னுள்ள காலத்திலிருந்து வந்த எமிலியின் படிவம் அவளிடம் வருங்காலத்தின் வெறுமையைச் சொல்கிறது; குழந்தையோ கண்ணில் பட்ட வண்ணங்களைச் சொல்லி மகிழ்கிறது. சன்டான்ஸ் திரைப்பட விழாவின் குறும்படப் பெரும்பரிசு 2007இல் முத்தொடரின் முதற்பகுதிக்கும், 2015இல் இப்படத்துக்கும் கிடைத்தது.

மூன்றாம் வினாவே கடினமானது. 2000இல் வெளிவந்து ஆஸ்கார் பரிந்துரை பெற்ற 'ரிஜெக்டட்' என்னும் படம், விளம்பரம் வரைய அமர்த்தப்பட்ட ஓவியன் மனம் குலைந்து போவதைக் கூறும் கற்பனை. இறுதியில் தாளே கசங்கிக் கிழிய, அவன் படைத்த உருவங்கள் ஓடி ஒளிய இடமின்றித் தவிக்கின்றன. அதன் புகழுக்குப் பின் விளம்பர நிறுவனங்கள் அழைத்தபோதும் அவர் செல்லவில்லை. 2014இல் 'த சிம்ப்சன்ஸ்' தொலைக்காட்சித் தொடருக்கு முகப்புக் காட்சி ஒன்றை அமைத்துத் தந்தார். அதிலும் கோடும் கற்பனையும் அவருடையனவாகவே இருந்தன. நுழைவுச் சீட்டும், தாமே விற்கும் ஒளித்தட்டும், அன்பர்கள் முன்கூட்டியே செலுத்தும் தொகையும் அவர் படங்களைத் தாங்கின. சந்தாவால் உயிர்வாழும் சிற்றிதழின் பொருளியல் இதுவே.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. தனித்தியங்கல் என்பது தனிமை அன்று. வரைபவர் ஒருவரே ஆயினும், மாலையில் வேலை முடித்து வந்து இருக்கையில் அமரும் மனிதர் இல்லையேல் அடுத்த படம் இல்லை. அந்நேர்காணல் மேடையில் கலைஞர் காண்பதும் அவர்களைத்தான். கவிஞருக்கும் அதுவே நிலை. ஒரு வட்டம் பத்தாண்டு நிலைத்ததெனின், எழுதியவரைப் போலவே கேட்க வந்தவரும் அதற்குக் காரணர். வெற்று நாற்காலிகள் நிறைந்த மாலைகளிலும் வந்து அமர்ந்தவர்களுக்கு இந்நன்னாளின் பெருமையில் சரிபாதி உரியது.