கோட்டையும் நூலகமும் நம் பிள்ளைகளும்

(பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணையாகச் சென்று வந்த உறுப்பினர்கள் சார்பில், கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சென்னைக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றார்கள். கோட்டையில் சட்டப்பேரவை, எழும்பூரில் கன்னிமாரா பொது நூலகம். ஆண் பிள்ளைகள் எல்லோரும் உடனே பெயர் கொடுத்துவிட்டார்கள். ஏழு பெண் பிள்ளைகள் கொடுக்கவில்லை. "வயசுக்கு வந்த பிள்ளையை ராத்திரி பஸ்ல எப்படி அனுப்பறது? பணத்துக்கு எங்க போறது?" வீட்டுக்கு வீடு இதே பேச்சு.

குழுவில் வைத்துப் பேசினோம். பணத்துக்கு நம் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுத்தோம். துணைக்கு நாங்கள் மூன்று பேர் வருகிறோம் என்று தலைமை ஆசிரியரிடம் சொன்னோம். ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு வீட்டில் கடைசி வரை சம்மதிக்கவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் இன்று பேசுகிறோம்.

பேரவைக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். செல்போன், பை எல்லாம் வெளியேதான். மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார வைத்தார்கள். பேசக் கூடாது, கைதட்டக் கூடாது. பேரவைத் தலைவர் கூப்பிட்ட பிறகுதான் உறுப்பினர் எழுந்து பேசுகிறார். பேசுவது அத்தனையும் பதிவாகிறது. வெளியே வந்ததும் ஒரு பிள்ளை, "உங்க குழுக் கூட்டம் மாதிரியே இருக்கு அத்தை, நீங்களும் தீர்மான நோட்டு எழுதுறீங்கல்ல?" என்றாள்.

இன்னொருத்தி கேட்டாள்: "பொம்பளைங்க ஏன் இவ்வளவு கம்மி?" நியாயமான கேள்வி. 2021 தேர்தலில் 234 இடங்களில் ஜெயித்த பெண்கள் 12 பேர்தான். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது 1921-ல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-லேயே சட்டமன்றத்தின் துணைத் தலைவர் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்க அங்கே குரல் கொடுத்தார். அதற்கான சட்டம் 1947-ல் வந்தது. ஒரு பெண் உள்ளே போய்ப் பேசியதால் எத்தனை பெண்களின் வாழ்க்கை மாறியது பாருங்கள்! ஊராட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் 2016-ல் சட்டம் வந்துவிட்டது. அந்த நாற்காலியில் நாளைக்கு உட்காரப் போகிறவள் இன்றைக்குப் பஸ் ஏற வேண்டாமா?

அடுத்து நூலகம். கன்னிமாரா 1896-ல் திறந்தது. நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி அங்கே வந்து சேர வேண்டும் என்று 1954-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. எங்களில் ஒருத்தருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். "நான் வெளியவே இருக்கேன்" என்று தயங்கினார். கையைப் பிடித்துக் கூட்டிப் போனோம். யாரும் தடுக்கவில்லை. பிள்ளைகள் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டினார்கள்.

ஏன் தடுக்கப் போகிறார்கள்? நூலகம் யாரோ போடும் தர்மம் இல்லை. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதிலிருந்து வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் நம் காசும் இருக்கிறது.

சகோதரிகளே, மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, நம் ஊர்ப் பேரவை கிராம சபைதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள். பிள்ளைகளையும் கூட்டிப் போய் உட்கார வையுங்கள். நாம் எழுந்து பேசுவதை அவர்கள் பார்க்கட்டும்.

இரண்டு, பக்கத்தில் உள்ள நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராகச் சேருங்கள். பூட்டிக் கிடந்தால் கிராம சபையில் கேளுங்கள்.

மூன்று, அடுத்த சுற்றுலாவுக்குப் பெயர் கேட்கும்போது எந்தப் பெண் பிள்ளையும் விடுபடக் கூடாது. துணைக்கு ஆள் இல்லை என்றால் குழுவில் சொல்லுங்கள். நாங்கள் வருகிறோம்.