முதல் காம்பவுண்ட் வில்: எந்த கேம் எடுக்கலாம்?

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ்ல காம்பவுண்ட் வில்வித்தை முதன்முறையா வருது, கலப்பு அணிப் போட்டியா. அதனால புதுசா வில் வாங்க நினைக்கிறவங்க கடையில குழம்பி நிக்கிற கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம்: சிங்கிள் கேமா, ட்வினா, ஹைபிரிடா, பைனரியா?

கேம்னா விளையாட்டு இல்லைங்க. வில்லோட முனையில இருக்கிற சக்கரம். அது சரியான வட்டமா இருக்காது, அச்சும் நடுவுல இருக்காது. விஷயமே அந்தக் கோணல்லதான் இருக்கு. இழுக்கும்போது முழு எடையும் கைக்கு வரும். சக்கரம் புரண்டதும் சட்டுன்னு குறைஞ்சிடும். இதுக்குப் பேர் லெட்-ஆஃப். 60 பவுண்டு வில்லுல 80 சதவீதம் லெட்-ஆஃப்னா, குறி பார்க்கும்போது கையில நிக்கிறது வெறும் 12 பவுண்டு. அமெரிக்காவுல மிசௌரிக்காரர் ஹாலஸ் வில்பர் ஆலன் 1969ல இதுக்குக் காப்புரிமை வாங்கினார்.

சிங்கிள்ல கீழ மட்டும்தான் கேம். மேல சாதாரண உருளை. ரெண்டை ஒத்துப்போக வைக்கிற வேலையே இல்ல. ட்வின்ல மேலயும் கீழயும் ஒரே மாதிரி கேம், ரெண்டும் ஒண்ணாப் புரளணும். கேபிள் கொஞ்சம் நீண்டா ஒண்ணு முந்திக்கும், அம்பு மேலயும் கீழயும் சிதறும். சரி பண்ண பவ் பிரஸ் வேணும். அது நம்ம வீட்டுல எங்க இருக்கப் போகுது? பைனரியில ரெண்டு கேமையும் கேபிளால ஒண்ணோட ஒண்ணு பிணைச்சிருப்பாங்க, பெரும்பாலும் தானாவே ஒத்துப்போகும். ஹைபிரிட், சிங்கிளுக்கும் ட்வினுக்கும் நடுவுல.

என்னைக் கேட்டா, இந்தப் பேரெல்லாம் ரெண்டாம்பட்சம். முதல்ல ட்ரா லெங்த் பாருங்க. ரிகர்வ் வில்லை நம்ம வசதிக்கு இழுத்துக்கலாம். காம்பவுண்ட்ல கேம் நிக்கிற இடத்துல சுவர்ல முட்டின மாதிரி நின்னுடும். உங்க அளவுக்கு ஒரு இஞ்ச் கூடினாலே உடம்பு பின்னால சாயும், நாண் முன்கையைப் பதம் பார்க்கும். அதனால பிரஸ் இல்லாமலே அளவு மாத்தக்கூடிய மாட்யூல் இருக்கிற கேமா எடுங்க.

அடுத்தது வேகம். விளம்பரத்துல பெரிசா போடுற எண் அதுதான். வேகமான கேம் ஆரம்பத்துலயே உச்ச எடைக்குப் போய், கடைசி வரை விடாம நின்னு, திடீர்னு விழும். கொஞ்சம் அசந்தா கையை முன்னால பிடுங்கிட்டுப் போயிடும். பழகாத தோளுக்கு அது வேண்டாம். மென்மையான கேம் போதும். அமெரிக்கப் பள்ளிகள்ல பிள்ளைங்க பழகுற ஜெனசிஸ் வில்லைப் பாருங்க: சிங்கிள் கேம், எடை 10லேர்ந்து 20 பவுண்டு, லெட்-ஆஃபே கிடையாது. அதனாலதான் ஒரே வில் எல்லார் கைக்கும் பொருந்துது.

கடையில ஸ்டூல்ல உட்கார்ந்து இழுத்துப் பாருங்க. வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்காம இழுக்க முடியலைன்னா எடையைக் குறைக்கச் சொல்லுங்க. இழுத்த நாணை மெதுவா திரும்ப விடணும். அம்பு இல்லாம சுண்டி விட்டீங்கன்னா, அந்தச் சக்தி முழுக்க வில்லுலயே இறங்கும். கேம் வளையலாம், லிம்ப் உடைஞ்சு முகத்துல தெறிக்கலாம்.