பரிசு வேண்டாம், பதில் வேண்டும்



தமக்குத் தெரிந்ததை இணையம் வழியே அரசுக்குச் சொல்ல மக்களைத் தூண்டுவது பரிசா, பதிலா? பரிசுதான் என்று எதிரணி அம்மையார் அடித்துப் பேசிவிட்டுப் போனார். 2014 ஜூலையில் மத்திய அரசு 'மைகவ்' தளத்தைத் தொடங்கியது, அதில் போட்டி வைத்துத்தான் தூய்மை இந்தியா திட்டத்துக்குச் சின்னமே கிடைத்தது என்றார். உண்மைதான். சின்னம் வரையப் பரிசு போதும் அம்மா. மலையிலே தண்ணி எந்தப் பக்கம் இறங்கும்னு சொல்ல அது போதுமா?

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழை. இதே அண்ணாமலையார் ஊர் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து 7 உயிர் போனது. அதில் 5 பேர் பிள்ளைகள். அதை வைத்து மேடையில் ஜெயிக்க எனக்கு மனசில்லை. ஆனா ஒண்ணு கேட்கணும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மலையடிவாரத்தில் குடியிருக்கிறவங்களை விட, எந்த ஓடை அடைபட்டிருக்கு, எங்கே மண் கரையுதுன்னு யாருக்குத் தெரியும்? கையிலே போன் இருக்கு. படமும் இடமும் ஒரு நிமிஷத்துல அனுப்பலாம். ஆனா 'இங்கே ஆபத்து'ன்னு சொன்னா, 'அப்ப வீட்டைக் காலி பண்ணு'ன்னு முதல் நோட்டீஸ் தனக்கே வருமோன்னு பயம் இருக்காதா? அதிகம் தெரிந்தவனுக்குத்தான் அதிக பயம். அந்தப் பயத்துக்கு முன்னால ஐயாயிரம் ரூபாய் என்ன பண்ணும்? மாற்று இடம் எங்கே என்கிற பதில்தான் அவனைப் பேச வைக்கும்.

பதிலிலும் ரகம் உண்டுங்க. வாய்க்கால் அடைப்பைப் படம் எடுத்து ஒரு அலுவலகத்துக்கு அனுப்பினேன். நாலாம் நாள் குறுஞ்செய்தி: 'தங்கள் மனு முடித்துவைக்கப்பட்டது.' மனு முடிஞ்சுபோச்சு, அடைப்பு அப்படியே இருக்கு! (சிரிப்பு)

எங்க வீட்டிலும் கருத்துக் கேட்பு உண்டு. "இன்னிக்கு என்ன குழம்பு வைக்கட்டும்?" "வத்தக்குழம்பு." "சாம்பார் இறக்கியாச்சே!" முப்பது வருஷமா இதேதான். இப்ப அவங்க கேட்டா நான் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கறதே இல்லை. (கைதட்டல்)

சொன்னால் முடிவு மாறும்னு தெரிஞ்சா ஜனங்க சும்மா இருக்க மாட்டாங்க. 2015ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இணையச் சேவைகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று கருத்துக் கேட்டது. 10 லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல் குவிந்தது. ஒரு பைசா பரிசு கிடையாது! மறுபடி ஒருமுறை கேட்டுவிட்டு, 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வாங்கக்கூடாது என்று ஆணை போட்டார்கள். நடுவில் எழுதினவங்க மின்னஞ்சல் முகவரியை எல்லாம் ஊரறிய வெளியிட்டும்விட்டார்கள். அதையும் சொல்லணும். அடுத்த தடவை எழுத எத்தனை பேருக்குக் கை கூசும்?

மணி அடிச்சுட்டாங்க. நடுவர் அவர்களே, மலையடிவாரத்துக்காரர் அனுப்பும் படத்தை எந்த அதிகாரி, எந்தத் தேதியில் வந்து பார்த்தார், என்ன செய்தார் என்று அதே போனுக்குத் தகவல் வரட்டும். பரிசுப் பணத்தை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும்.