நங்கூரம் போட்டாயிற்றா?

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரையின் எழுத்து வடிவம்)



திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டால் இன்னும் நல்லது. காற்றின் திசை, கப்பலைச் சுற்றிக் கட்டிய வடம், கடலில் எறிந்த சரக்கு, கப்பலில் இருந்த 276 பேர் என்று எல்லாக் கணக்கும் அதில் இருக்கிறது. புயலில் சிக்கிய பதினான்காம் நாள் நள்ளிரவில், கரை நெருங்குவதாக மாலுமிகளுக்குத் தோன்றுகிறது. ஆழம் பார்க்கிறார்கள். முதலில் 20 பாகம். சற்றுத் தள்ளி 15 பாகம். பாறையில் மோதிவிடுவோமோ என்று பயந்து, கப்பலின் பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு, எப்போது விடியும் என்று ஏங்கிக் கிடக்கிறார்கள்.

குருமடத்தில் இதைப் படித்தபோது, நங்கூரம் என்பது எனக்கு ஒரு கனமான இரும்பு. கடலில் போட்டால் கப்பல் நின்றுவிடும். அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். என்ன இருக்கிறது என்பதைக் கிரேக்க நாட்டில், ரோட்ஸ் தீவின் லிண்டோஸ் விரிகுடாவில்தான் கற்றுக்கொண்டேன்.

பவுல் எருசலேமுக்குப் போகும் வழியில், கோசு தீவுக்கு மறுநாள் வந்ததாக 21ஆம் அதிகாரம் சொல்லும் தீவு இந்த ரோட்ஸ்தான். லிண்டோசில் அவர் கரையிறங்கினார் என்பது உள்ளூர் மரபு. ஊருக்குத் தெற்கே, பாறைகள் ஏறக்குறைய முழுவதும் சூழ்ந்த சின்ன விரிகுடா ஒன்றுக்கு அவர் பெயர். அதன் கரையில் வெள்ளையடித்த சிற்றாலயமும் இருக்கிறது. வடக்கே இருப்பது பெரிய விரிகுடா. மேலே குன்றில் பழைய அதீனா கோயிலின் தூண்கள், கீழே மணற்கரை. கோடையில் அங்கே பாய்மரப் படகுகள் நெருக்கியடித்து நிற்கும்.

துறைமுகத்தில் மாலுமிகளுக்கு ஆன்மகுருவாக நான் இருந்த காலத்தில் பழக்கமான கிரேக்கர் ஒருவர், கப்பல் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், திருப்பயணம் போன என்னைத் தம் படகில் மூன்று நாள் ஏற்றிக்கொண்டார். யாட் என்கிறார்களே, அந்த மாதிரிப் படகு. பன்னிரண்டு மீட்டர் நீளம். மாலை ஐந்து மணிக்கு லிண்டோசுக்குள் நுழைந்தோம். எனக்குப் பசி. காலியாகத் தெரிந்த ஓர் இடத்தைக் காட்டி, இங்கேயே போட்டுவிடலாமே என்றேன். அவர் பதில் சொல்லாமல் விரிகுடாவை ஒரு சுற்றுச் சுற்றினார்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி. அடியில் கருமையாகத் தெரிந்தது கடற்புல். வெளிர்நீலமாகத் தெரிந்தது மணல். புல்லின் மேல் நங்கூரம் சறுக்கும், பிடிக்காது. தவிரவும், அந்தப் புல்வெளியில்தான் மீன்குஞ்சுகள் வளர்கின்றன. நங்கூரம் கிழித்தால் அது மீண்டும் வளரப் பல ஆண்டு ஆகும். ஆகவே மணல்திட்டைத் தேட வேண்டும். காற்றுக்கு முகம் கொடுத்துப் படகை நிறுத்தி, நங்கூரத்தை மெல்ல இறக்கி, படகு தானாகப் பின்னோக்கி நகர நகரச் சங்கிலியை விட வேண்டும். ஒரே குவியலாகக் கொட்டக் கூடாது.

சங்கிலி எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆழம் ஆறு மீட்டர், தண்ணீருக்கு மேல் படகின் முகப்பு ஒரு மீட்டர், ஆக ஏழு. அதில் ஐந்து மடங்கு, 35 மீட்டர் விட்டார். எனக்கு அது வீண் செலவாகத் தோன்றியது. அவர் விளக்கினார்: படகு எட்டு ஒன்பது டன்; நங்கூரமோ இருபது கிலோ சொச்சம். எடையால் அது படகைப் பிடிப்பதில்லை. கலப்பையின் கொழுவைப் போல மண்ணில் இறங்கிப் பிடிக்கிறது. நீளமான சங்கிலி தரையோடு கிடந்து படுக்கைவாட்டில் இழுக்கும். இழுக்க இழுக்கக் கொழு ஆழமாகப் போகும். சங்கிலியைக் குறைத்தால் இழுப்பு மேல்நோக்கிப் போய்க் கொழு பெயர்ந்துவிடும்.

அப்பாடா, போட்டாயிற்று என்றேன். “இறக்கியிருக்கிறோம், ஃபாதர். போட்டோமா என்று இனிமேல்தான் தெரியும்” என்றார்.

எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி, சங்கிலியின் மேல் கையை வைத்தார். என் கையையும் வைக்கச் சொன்னார். இரும்பு கிடுகிடுவென்று நடுங்கியது. நங்கூரம் தரையை உரசிக்கொண்டு இழுபடும்போது அப்படித்தான் நடுங்குமாம். மேலே இழுத்தால், வேரோடு ஒரு பிடி புல். திரும்பவும் முதலிலிருந்து. இரண்டாம் முறை சங்கிலி விறைத்து நின்றது; நடுக்கம் இல்லை. கரையில் ஒரு சுவரையும் அதன் பின்னால் ஒரு பாறையையும் நேர்கோட்டில் குறித்துக்கொண்டார். கோடு விலகினால் படகு நகர்கிறது என்று பொருள். அதுவும் போதாதென்று கண்ணாடி மாட்டிக்கொண்டு குதித்து, கொழு முழுதாகப் புதைந்திருக்கிறதா என்று பார்த்து வந்தார். இதற்குள் எழுபது நிமிடம். நான் மனதுக்குள் முணுமுணுத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எங்களுக்குப் பின் ஒரு படகு வந்தது. இடம் குறைவு என்று சங்கிலியைச் சுருக்கமாக விட்டார்கள். எஞ்சினை அணைத்தார்கள். குழந்தையையும் தூக்கிக்கொண்டு சிறு ரப்பர் படகில் சாப்பிடக் கரைக்குப் போய்விட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் பொறாமைதான் வந்தது.

ஏகேயன் கடலில் கோடைக்கென்று ஒரு வாடைக்காற்று உண்டு, மெல்தெமி என்பார்கள். மேகம் கறுக்காது, மழை வராது. தெளிந்த வானத்திலேயே அடிக்கும். தீவின் மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது விட்டு விட்டு அறைவது போல வரும். இரவு பதினொரு மணிக்கு அப்படி வந்தது. எங்கள் படகு சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டு நின்றது. அந்தப் படகு ஆளில்லாமல் இருட்டில் எங்கள் மேல் வந்தது. இரண்டு பேரும் கால்களால் தள்ளியும், காற்றடைத்த மெத்தைகளை நடுவே கொடுத்தும் தடுத்தோம். சத்தம் கேட்டுக் கரையிலிருந்து ஓடி வந்தார்கள். தாயின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அது அந்தப் படகுக்குள் தூங்கியிருந்தால், காற்று எங்களிடம் தள்ளாமல் பாறைப் பக்கம் தள்ளியிருந்தால் என்று எனக்கு உடல் நடுங்கியது. என் நண்பர் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. அவர்கள் படகில் ஏறி, விளக்கைப் பிடித்து, தள்ளி இருந்த இடத்தில் முதலிலிருந்து போட்டுக் கொடுத்தார்.

அன்பானவர்களே, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. படகு என் கையில் இருந்திருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். செய்தும் இருக்கிறேன். என் தாய் இறந்த வாரம், செபிக்க உட்கார்ந்தால் எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. குருப்பட்டம் பெற்று பதினெட்டு ஆண்டு. திருமுழுக்கு ஏட்டில் பெயர் இருக்கிறது, திருப்பட்ட நாள் படம் சுவரில் இருக்கிறது. நங்கூரம் போட்டாயிற்று என்றுதான் இருந்தேன். வேலை நெருக்கடியில் செபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கியிருந்தேன். காற்றில்லாத நாட்களில் அதை நான் இழுத்துப் பார்க்கவே இல்லை.

எபிரேயர் திருமுகம் 6ஆம் அதிகாரம் எதிர்நோக்கை ஆன்மாவின் நங்கூரம் என்கிறது. உரோமையின் நிலத்தடிக் கல்லறைகளில் முதல் கிறிஸ்தவர்கள் நங்கூரத்தைச் செதுக்கி வைத்ததும் அதே எண்ணத்தில்தான். ஆனால் பவுலின் கப்பலில் இன்னொன்றும் நடந்ததைக் கவனியுங்கள். முகப்பிலும் நங்கூரம் போடப் போவதாகப் பாசாங்கு செய்துகொண்டு, மாலுமிகள் சிறு படகை இறக்கித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். பவுல் அதைக் கண்டுகொள்கிறார். இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது என்று நூற்றுவர் தலைவரிடம் சொல்கிறார். படைவீரர்கள் அந்தச் சிறு படகின் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். அதன் பிறகுதான் அவர் அப்பத்தை எடுத்து, நன்றி சொல்லி, பிட்டு உண்கிறார். மற்றவர்களும் துணிவடைந்து சாப்பிடுகிறார்கள். விடிந்ததும் 276 பேரும் உயிரோடு கரை சேர்கிறார்கள்.

வானொலி நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். லிண்டோசில் மறுநாள் காலை எங்கள் நங்கூரம் எளிதில் வரவில்லை. படகை அதற்கு நேர் மேலே நிறுத்தி, அலை தூக்கித் தூக்கித் தளர்த்தும்வரை காத்திருந்தோம். வெளியே வந்தபோது கொழு முழுவதும் சாம்பல்நிற மண். வாளி வாளியாக ஊற்றிக் கழுவினேன். விரிகுடாவை விட்டுப் போகும்போது, இரவில் இடம் மாறிய அந்தப் படகின் முன்னால் குழந்தை நின்று எங்களுக்குக் கையசைத்தது. அதன் தகப்பனார் முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, சங்கிலி போகும் வழியே தண்ணீருக்குள் பார்த்தபடி நீந்திக்கொண்டிருந்தார்.