வரி போயிற்று, கூலி வந்ததா?



அமெரிக்காவைச் செல்வபுரி என்கிறார்கள். அந்தச் செல்வபுரியின் உணவு விடுதியிலே, தட்டேந்திப் பரிமாறும் பணியாளருக்கு, மத்திய அரசின் சட்டப்படி முதலாளி தன் பையிலிருந்து தரவேண்டிய கூலி மணிக்கு எவ்வளவு தெரியுமா? 2 டாலர் 13 சென்ட்! 1991ஆம் ஆண்டு வகுத்த கூலி அது. விலைவாசி விண்ணை எட்டிவிட்டது. கூலி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

'குறைந்தபட்சக் கூலி 7 டாலர் 25 சென்ட் அல்லவா?' என்பீர்கள். ஆம், ஆனால் மீதியை, உண்டு எழுபவர் வைத்துப்போகும் 'டிப்ஸ்' நிரப்பவேண்டுமாம்! நிரம்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய்! ஈடு கேட்டவருக்கு மறுவாரம் வேலை நேரம் குறைந்தால், அவர் எங்கே போய் முறையிடுவார்? கலிபோர்னியா உள்ளிட்ட ஏழு மாநிலங்கள் இந்தக் கழிவை ஏற்காமல், முழுக் கூலி தரச் சொல்கின்றன. வேறு பல மாநிலங்கள் கூட்டித் தரச் சொல்கின்றன. மற்ற இடங்களில் அதே 2 டாலர் 13 சென்ட்தான்.

கூலிக்குப் பதில் இனாம் என்ற இந்த ஏற்பாடு புதிதன்று. அடிமைத்தளை அறுபட்டபின், புல்மன் கம்பெனி தன் ரயில் படுக்கை வண்டிகளிலே ஊழியம் செய்ய, நேற்றுவரை அடிமைகளாயிருந்த கறுப்பு மக்களை அமர்த்திற்று. கூலி அற்பம், மிச்சம் பயணிகளின் தயவு. சிரித்தால் காசு, முகம் சுளித்தால் பட்டினி! அந்த ஊழியர்கள் 1925இலே ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கண்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937இலே கம்பெனியைக் கையெழுத்திட வைத்தார்கள். அவர்கள் பெற்றது என்ன? கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு. கூடுதல் இனாம் அல்ல!

கொடுக்கும்போது இனாம் எனப்படும் அந்தக் காசு, வரி கேட்கும்போது மட்டும் வருமானமாகிவிடும். மாதம் 20 டாலர் சேர்ந்தாலே முதலாளியிடம் எழுதிக் கொடுக்கவேண்டும். 1982ஆம் ஆண்டுச் சட்டமோ, பெரிய விடுதிகளில் பணியாளர்கள் காட்டிய டிப்ஸ் விற்பனையில் நூற்றுக்கு 8க்குக் குறைந்தால், அந்தக் குறைவையும் அவர்கள் பெயரிலே பிரித்தெழுதச் சொல்லிற்று.

2024 தேர்தலிலே காட்சி மாறிற்று. 'டிப்ஸுக்கு வரியில்லை' என்றார் டிரம்ப், லாஸ் வேகாசிலே. இரண்டே மாதத்தில் அதையே சொன்னார் கமலா ஹாரிஸ். 2025 ஜூலை 4ஆம் நாள் சட்டமும் வந்தது: ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸை, வருமான வரிக் கணக்கிலே கழித்துக்கொள்ளலாம். சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் நீடிக்கும்.

யாருக்கு லாபம்? வரி கட்டும் அளவுக்கே சம்பாதிக்காத பணியாளருக்கு இதிலே ஒரு சென்ட் இல்லை. சமையலறையிலே பாத்திரம் துலக்குபவர், அதே வருமானம் பெற்றாலும், டிப்ஸ் வாங்காத குற்றத்துக்காக முழு வரி கட்டுகிறார்! பரிமாறுபவரின் கூலியை உயர்த்தாதே என்று ஆண்டாண்டாய் வாதாடும் விடுதி முதலாளிகள் சங்கம், இந்தச் சலுகையை வரவேற்றது. வரவேற்காமல் என்ன செய்யும்? அவர்கள் பெட்டியிலிருந்து ஒரு டாலரும் போகவில்லையே!

இந்தச் சலுகை 2028ஆம் ஆண்டு வருமானத்தோடு முடிகிறது. 2 டாலர் 13 சென்டுக்கோ, சட்டத்திலே கெடு எதுவும் குறிக்கப்படவில்லை.