குதிரைவலுவின் கணக்கு

மோட்டார் வண்டியொன்றை விலைபேசுபவர், அதன் எஞ்சின் இத்தனை குதிரைவலு எனக் கேட்டதும், அந்த எண்ணைத் தராசில் நிறுத்த பொருளின் நிறையைப் போலவே நம்பிவிடுகிறார். உண்மையில் குதிரைவலுவை எவரும் நேராக நிறுப்பதில்லை. எஞ்சினின் தண்டு எவ்வளவு முறுக்குவிசையோடு திரும்புகிறது, நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்னும் இரண்டையும் அளந்து, கணக்கிட்டுக் கண்ட விடையே அது.

33,000 இறாத்தல் நிறையை ஒரு நிமிடத்தில் ஓரடி உயர்த்தும் ஆற்றலை ஒரு குதிரைவலு என வகுத்தவர் ஜேம்ஸ் வாட். தம்முடைய நீராவி எஞ்சின்களை ஆலைக் குதிரைகளோடு ஒப்பிட்டுக் காட்ட அவருக்கு இக்கணக்கு வேண்டியிருந்தது. சாதாரணக் குதிரையொன்று நாள் முழுவதும் இவ்வளவு உழைக்க மாட்டாது என்பது வேறு கதை.

அளப்பதற்கு எளிய வழி கண்டவர் பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் கஸ்பார் த புரோனி. 1821ஆம் ஆண்டில் அவர் அமைத்த கருவியில், சுழலும் தண்டை மரக்கட்டைகள் இறுகக் கவ்வி நிற்கும். கட்டைகளோடு நீண்ட கையொன்று பொருத்தப்பட்டிருக்கும். தண்டு கட்டைகளையும் தன்னோடு இழுத்துச் சுழற்ற முயலும். கையின் நுனியில் நிறையைத் தொங்கவிட்டு அம்முயற்சியை அடக்கினால், அந்நிறையையும் கையின் நீளத்தையும் பெருக்க முறுக்குவிசை தெரிந்துவிடும். மூன்றடிக் கையை 50 இறாத்தல் நிறுத்திப் பிடித்தால் முறுக்குவிசை 150. தண்டு நிமிடத்துக்கு 3,500 முறை சுழன்றால், இரண்டையும் பெருக்கி 5,252ஆல் வகுக்க, ஏறக்குறைய 100 குதிரைவலு கிடைக்கும். உராய்வினால் மரக்கட்டை புகைந்து கருகுவது இம்முறையின் குறை. 1877இல் வில்லியம் புரூட் என்னும் ஆங்கிலேயர், நீரைக் கொண்டு தண்டைத் தடுக்கும் கருவியை வகுத்தார். பின்னர் மின்சாரத்தால் தடுப்பவையும் வந்தன. டைனமோமீற்றர் என்னும் இக்கருவிகள் யாவற்றுக்கும் தத்துவம் ஒன்றே.

கருவியில் பழுதில்லை. எஞ்சினை எந்தக் கோலத்தில் அதிலே பூட்டினார்கள் என்பதையே வாங்குபவர் விசாரிக்க வேண்டும். அமெரிக்காவில் 1971 வரை, காற்று வடிகட்டி, விசிறி, புகைக்குழாயின் ஒலியடக்கி முதலியன இன்றி அளந்த மொத்த வலுவை விளம்பரம் செய்வதே வழக்கம். 1972ஆம் ஆண்டு வண்டிகளுக்கோ, அவை யாவும் பூட்டிய நிலையில் அளந்த தேறிய வலு குறிக்கப்பட்டது. 8.2 லீற்றர் கொள்ளளவுள்ள கடிலாக் எல்டொராடோ வண்டியின் எஞ்சின் 1971இல் 365 குதிரைவலு எனப்பட்டது. 1972இல் 235 ஆயிற்று. ஓராண்டில் 130 குதிரைகள் லாயத்தை விட்டு ஓடிவிட்டன போலும்! அவற்றுட் பெரும்பாலானவை முன்னரும் அவ்வண்டியை இழுத்தவையல்ல.

எஞ்சினைக் கழற்றாமல், வண்டியின் சில்லுகளை உருளைகள்மீது ஓடவிட்டு அளக்கும் முறையும் உண்டு. பற்சில்லுப் பெட்டியும் ரயர்களும் விழுங்கும் வலு போக எஞ்சியதே அங்கு தெரியும்; ஆகவே எண் குறைந்தே நிற்கும். காற்றின் வெப்பமும் அமுக்கமும் மாறினாலும் எண் மாறும். எனவே, திருத்த வேலை செய்தவர் வலு கூடிவிட்டது எனக் காட்ட விரும்பினால், வேலைக்கு முன்னும் பின்னும் அதே வண்டியை அதே உருளைகளில் ஓட்டி, இரண்டு தாள்களையும் ஒருங்கே வைத்தல் வேண்டும்.